மயிலைக்காளையும் ஸ்டான்லியும்

ஏலே பேராண்டி, நேத்து ராத்திரி கஞ்சிய ஆறவிட்டுட்டு ‘அட்டானமஸ் சிஸ்டம்’னு என்னமோ விளக்குனியே. ஆளில்லாம ஓடுமாம், தானா யோசிக்குமாம். எங்கய்யா சந்தைக்குப் போயிட்டு வரும்போது வண்டிக்குள்ளயே குறட்டை விடுவாரு. மயிலைக்காளை வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டும். அதுக்கு யாருலே பட்டம் குடுத்தா?

2004-ல அமெரிக்காவுல, மொஹாவி பாலைவனத்துல ஆளில்லா வண்டிக்குப் பந்தயம் வச்சாக. நடத்துனது ராணுவ ஆராய்ச்சிக்காரக, டார்பா. பரிசு 10 லட்சம் டாலர். தூரம் 228 கிலோமீட்டர். எம்புட்டுப் போச்சுங்குற? எல்லாத்தையும் முந்துன கார்னெகி மெல்லன் யூனிவர்சிட்டி வண்டியே 12 கிலோமீட்டரத் தொடல! மேட்டுல வயித்த மாட்டிக்கிட்டு, சுத்துன சுத்துல டயரே புகைஞ்சுபோச்சு. போற வழியப் புள்ளி புள்ளியா எழுதித்தான் குடுத்திருந்தாக. வழியில கெடக்குற கல்லு புள்ளியில தெரியுமாலே? மேப்பப் பாத்து, தண்ணி நெறஞ்ச கம்மாய்க்குள்ள பைக்க விட்ட ஆளு நீ, உனக்குத் தெரியாததா?

ஒரு மோட்டார் சைக்கிளும் வந்துச்சு. கெளம்புன எடத்துலயே தொப்புனு சாஞ்சிருச்சு. சாயாம பிடிக்கிற சுவிச்சப் போட மறந்துட்டாகளாம்! யோசிக்கிற வண்டிதான், சுவிச்ச மட்டும் மனுசன் போடணும். இப்போ அது ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. எங்க ஊர்ல விழுந்தவனுக்கு வேப்பெண்ணெதான் தடவுவோம்.

கிண்டல் போதும். மறுவருசம் அதே பந்தயத்துல ஸ்டான்ஃபோர்டு யூனிவர்சிட்டிக்காரக ஸ்டான்லின்னு ஒண்ண எறக்குனாக பாரு, அது வண்டி! கூரையில லேசர். 22 மீட்டருக்குள்ள மேடு பள்ளத்தத் தடவிப் பாத்துரும். தூரத்துக்குக் கேமரா. ஆனா கேமராவுக்கு எது தடம், எது புதருன்னு என்ன தெரியும்? லேசர் ‘கிட்ட இருக்குறது நல்ல தரை’ங்கும். கேமரா அந்தத் தரையோட நெறத்தப் பிடிச்சுக்கும். அதே நெறம் எட்டத்துல எங்க ஓடுதோ, அதான் தடம். மண்ணு மாறுனா? பழச விட்டுட்டுப் புது நெறத்தப் பிடிச்சுக்கும். செவக்காட்டுலருந்து கரிசலுக்கு எறங்குற மாடும் நாலு எட்டு தயங்கி மிதிச்சுப் பாக்கும்லா, அந்தக் கணக்குதான்.

நல்ல தரை எதுன்னு அதுக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தாகங்குற? முதல்ல மனுசன் ஓட்டிக் காமிச்சான். அவன் சக்கரம் போன எடமெல்லாம் நல்ல எடம்னு அது படிச்சுக்கிட்டுது. பழகுன மாட்டோட எளங்காளையப் பூட்டுறோமே, வேற என்னலே அது?

212 கிலோமீட்டர ஏழு மணி நேரத்துக்குள்ள முடிச்சுது ஸ்டான்லி. பரிசு 20 லட்சம் டாலர். எங்க மயிலைக்கு எங்கய்யா குடுத்தது ஒரு கூடை பருத்திக்கொட்டை. ஊறவச்சு, ஆட்டுனது.