லயத்துப் பாட்டி பதில்கள்

ரப்பர்த் தோட்டத்துக் கல்யாணத்தைப் பற்றியே கேள்விகள் குவிந்துவிட்டதால் இந்த வாரம் முழுக்க அதுதான். மூட்டு வலிக்குத் தைலம் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பல்லைக் கடித்துக்கொள்ளவும்.

கே: உங்கள் காலத்தில் காதல் எல்லாம் உண்டா பாட்டி? (வாசகி, ஸ்கூடாய்)

ப: உண்டு. கணக்கும் உண்டு. ரகசியம்தான் கிடையாது. லயத்தில் வீட்டுக்கு வீடு பலகைச் சுவர், அதுவும் கூரையை எட்டாது. நான் இருமினால் நாலாவது வீட்டு அத்தை சுக்குத் தண்ணி கொடுத்தனுப்பும். இதில் எங்கே கிசுகிசு பேசுவது?

கே: தாத்தா உங்களிடம் முதன்முதலில் பேசிய வசனம் என்ன? (வாசகர், குளுவாங்)

ப: “சீக்கிரம் பாலைச் சேரு, மழை வருது.”

சிரிக்காதே தம்பி. பால்மரம் வெட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் சுண்டிவிடும். மங்கு நிறைந்திருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் பாலோடு தண்ணீர் கலந்து அன்றைய பாடு அத்தனையும் மண். என்னுடையது மேட்டுக்காட்டு நிரை. ஒவ்வொரு மரத்துக்கும் ஏறி இறங்க வேண்டும். அவருடையது பக்கத்தில், சமதரை. வானம் கறுத்ததும் மனுஷன் தன் மரங்களை அப்படியே போட்டுவிட்டு என் மேட்டில் ஏறி, மங்கு மங்காக வழித்து வாளியில் ஊற்றினார். காண்டாக் கம்பையும் அவரே தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

பால் கொட்டகையில் கிராணி என் வாளியை நிறுத்தார், பிறகு அவருடையதை. “என்னப்பா, உன் மரமெல்லாம் இன்னிக்கு லீவா?” என்று கேட்டார். வரிசையே கொல்லென்று சிரித்தது. சாயங்காலத்துக்குள் சேதி என் அம்மா காதுக்குப் போய்விட்டது. சில நாளில் பெண் கேட்டு வந்தார்கள். காதல் கடிதமா? அவருக்கு எழுதத் தெரியும். காகிதம் வாங்கக் காசைக் கரைக்க மாட்டார்.

கே: உங்களுக்கு வரதட்சணை எவ்வளவு கொடுத்தார்கள்? (வாசகி, பத்து பகாட்)

ப: நாங்கள் ஏன் கொடுக்கிறோம்? அவர்கள்தான் பரிசம் போட்டார்கள். கங்காணி காலத்தில் ரப்பருக்குக் கை வேண்டும் என்று ஆம்பளைகளாக அள்ளிக்கொண்டு வந்தார்கள். 1931 குடிக்கணக்கில்கூட மலாயா இந்தியர்களில் ஏறக்குறைய இரண்டு ஆணுக்கு ஒரு பெண்தான். பிறகு பெண்ணைப் பெற்றவன் கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டானா? இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் பெண்ணும் சம்பளக்காரி. அவள் புருஷன் வீட்டுக்குப் போனால் பிறந்த வீட்டில் ஒரு சம்பளம் விழுந்துவிடும். அப்பாக்கள் பேரத்தை இழுத்ததில் பாசம் பாதி, பட்ஜெட் பாதி.

பெண் கணக்கு சரியாகி, பையன்கள் படித்து டவுனுக்குப் போனதும் பணம் திசை மாறிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு நம் நாட்டில் இன்றைக்கும் பரிசம் என்றுதான் பெயர். காரும் குளிர்பெட்டியும் மட்டும் பெண் வீட்டிலிருந்து புறப்படுகின்றன. அதற்காக அந்தக் காலத்தை மெச்சுகிறேன் என்று நினைக்காதே. அப்போதும் பெண்ணுக்கு விலை வைத்துத்தான் பேசினார்கள்.

கே: ஜப்பான்காரன் காலத்தில் கல்யாணங்கள் நடந்தனவா? (வாசகர், சிகாமட்)

ப: மளமளவென்று நடந்தன. என் அம்மா கல்யாணம் அதில் ஒன்று. வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயம். யார் கையிலாவது பிடித்துக் கொடுத்துவிட்டால் போதும் என்றிருந்தார்கள். தாலிக்குப் பொன் இல்லை. மஞ்சள் கயிறு, மஞ்சள் கிழங்கு. விருந்துக்கு அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கு. கொடுமை என்னவென்றால், சயாம் மரண ரயில் பாதை போட ஆள் பிடித்தவன் புது மாப்பிள்ளை என்று பார்த்துப் பிடிக்கவில்லை. முகம் பழகுமுன் தாலியறுத்த பெண்கள் எத்தனையோ தோட்டத்தில் இருந்தார்கள்.

கே: கல்யாணமே வேண்டாம் என்று சொன்ன பெண்கள் உண்டா? (வாசகி, மாசாய்)

ப: 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். கேப்டன் லட்சுமி தலைமை. பால்வாளி தூக்கிய பெண்கள் பலர் போய்த் துப்பாக்கி தூக்கினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று வரலாற்றில் இல்லை.

கே: கம்யூனிஸ்ட் காலத்தில் கல்யாண விருந்து எப்படி? (வாசகர், யோங் பெங்)

ப: கம்யூனிஸ்டுகள் நடமாடிய உன் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். 1948இல் அவசரகாலம் வந்தது, 1960 வரை போகவில்லை. லயத்தைச் சுற்றி முள்வேலி, ராத்திரி ஊரடங்கு, அரிசி ரேஷன். சின்னம்மா கல்யாணத்தில் பாயசத்துக்கு வாங்கிய பால் டின்னைக் கடைக்காரன் ஓட்டை போட்டுத்தான் கொடுத்தான். முழு டின்னாக இருந்தால் காட்டுக்குள் போய்விடுமாம். சட்டம் அப்படி. வழியெல்லாம் விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு வந்தேன். விரலில் பட்டதெல்லாம் எனக்கு. சொந்தபந்தம் இருட்டுமுன் கைகழுவிவிட்டுக் கிளம்பியதால் சண்டை இல்லாமல் முடிந்த கல்யாணம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கே: தோட்டத்தில் சாதி பார்த்தார்களா? (வாசகர், மூவார்)

ப: கப்பலேறும்போது பெட்டியில் இடமில்லை என்று எதை எதையோ விட்டுவிட்டு வந்தார்கள், அதை விட்டுவிடவில்லை. ஒரே மண்வெட்டி, ஒரே கூலி, லயம் மட்டும் தனித்தனி. வேறு வழியில்லாத ஜோடிகள் லாபிஸிலோ குளுவாங்கிலோ ரயிலேறி சிங்கப்பூர் போய்விடும். அப்போது கடப்பிதழ் தொல்லை இல்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழனுக்கு வேலையும் கிடைக்கும். பிள்ளை பிறந்ததும் திரும்பி வருவார்கள். பேரனைப் பார்த்ததும் பாதிப் பேருக்குச் சாதி மறந்துவிடும். மீதிப் பேர் பேரனைப் பார்க்காமலே செத்தார்கள்.

கே: ஐயர் இல்லாத சீர்திருத்தத் திருமணம் பார்த்திருக்கிறீர்களா? (வாசகி, கூலாய்)

ப: எங்கள் தோட்டத்தில் ஐயர் எப்போது இருந்தார்? பண்டாரம்தான் எல்லாம். பெரியார் 1929இல் ஒருமுறை, 1954இல் ஒருமுறை மலாயா வந்து போனபின் சீர்திருத்தத் திருமணங்களும் நடந்தன. நல்ல காரியம். மந்திரம் மிச்சம். வாழ்த்துரைதான் பண்டாரத்தின் பூசையைவிட நீளம். பெண்ணுக்குத் தூக்கம் சொக்கும்.

கே: டேட்டிங் செயலி பற்றி உங்கள் கருத்து? (வாசகர், ஆஸ்டின் ஹைட்ஸ்)

ப: நீ குடியிருக்கிற இடமே ரப்பர்த் தோட்டமாக இருந்ததுதான் தம்பி. எங்களுக்குக் குழாயடிதான் செயலி. பையனின் சம்பளம், கள்ளுக்கடைக் கடன், கைநீட்டும் பழக்கம், மூன்றும் குடம் நிறைவதற்குள் தெரிந்துவிடும். உன் செயலியில் அவன் நாய்க்குட்டியோடு நிற்கிற படம்தானே வருகிறது?

கே: தாலி கட்டியும் பிரிந்துபோன ஜோடிகள்? (பெயர் வேண்டாம், ரெங்கம்)

ப: 1969. குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றார்கள். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ஒரே வீட்டில் அவளுக்கு நீலக் கார்டு, அவனுக்குச் சிவப்பு. “போய்ச் சேர்ந்து கடிதாசி போடுறேன்” என்று ராஜுலா கப்பலில் போனவர்களில் சிலர் போட்டார்கள். உங்கள் கேள்வியின் மீதியையும் படித்தேன் தாயி. அதை இங்கே அச்சிடவில்லை.

கே: என் அம்மாவுக்குத் தோட்டத்துக் கோயிலில் 1960களில் கல்யாணம். சான்றிதழே இல்லை. அது செல்லுமா? (வாசகர், கோத்தா திங்கி)

ப: செல்லும். அப்போது நம் வழக்கப்படி தாலி கட்டினாலே கல்யாணம். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தபிறகுதான் முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பதிவு கட்டாயமானது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதும் அன்றிலிருந்துதான் சட்டம். அதுவரை பெரிய வீடு, சின்ன வீடு இரண்டுக்கும் இடம் இருந்தது. 1982க்குமுன் வழக்கப்படி நடந்த கல்யாணம் பதிவாகவில்லை என்பதற்காக இல்லாமல் போகாது. விரும்பினால் இப்போதும் பதிந்துகொள்ள அதே சட்டத்தில் வழி இருக்கிறது. வீடு, சேமநிதி, பென்ஷன் என்று நாளைக்கு யாராவது காகிதம் கேட்பார்கள். கல்யாணத்தைப் பார்த்த சாட்சிகள் கண்ணும் காதும் நன்றாக இருக்கும்போதே அம்மாவைத் தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போய் விசாரித்துவிடு.