எல்லா இலாகாவும் உள்ள அமைச்சர்

சிங்கப்பூரின் பிடோக்கில் நாலு புளோக்குக்கு ஒரு காப்பிக்கடை இருக்கிறதென்றால், காப்பிக்கடைக்கு ஓர் அமைச்சர் இருக்கிறார். நியமனக் கடிதம் கிடையாது, சம்பளம் கிடையாது, பதவிக்காலமும் கிடையாது. காலை எட்டு மணிக்கு மின்விசிறிக்கு நேர் கீழே, சாலை தெரிகிற மேசையில் வந்து உட்காருவார். கோப்பி சி சியூ தாய் வந்து இறங்கியதும் அமைச்சரவை கூடிவிட்டதாக அர்த்தம். போக்குவரத்து, வீடமைப்பு, நிதி, வெளியுறவு எல்லா இலாகாவும் அவரிடமே. சுகாதாரம் மட்டும் அவர் மனைவியிடம். காப்பியில் சீனி குறைந்ததற்கு அதுதான் காரணம்.

வயது எழுபதை ஒட்டியிருக்கும். கப்பல் பட்டறையிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரைக்கை சட்டை, பைக்குள் மூக்குக்கண்ணாடி, கையில் மடித்த தமிழ் முரசு. செய்தியைப் படிப்பது அதைத் தெரிந்துகொள்வதற்காக அல்ல. தாம் நேற்றே சொன்னதை இன்றைக்காவது ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று சரிபார்ப்பதற்காக.

இவருக்குக் கொள்கை இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது அபாண்டம். கொள்கை நிறைய இருக்கிறது. அது அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது, அவ்வளவுதான்.

சாலை கடக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை மனிதன் இன்னும் சில விநாடி கூடுதலாக ஒளிரும் ஏற்பாடு 2009இல் வந்தது. இடத்தைப் பொறுத்து 13 விநாடி வரை கிடைக்கும். நியூ அப்பர் சாங்கி ரோட்டைக் கடக்கும்போது அமைச்சர் அட்டையைக் காட்டிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிலத்தை அளக்க வந்தவர் மாதிரி நடப்பார். "இந்த நாட்டுல முதியவங்களுக்கு மரியாதை இருக்கு, பாத்தியா தம்பி?" என்பார். ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் மருமகனின் காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பார். எதிரே அவர் வயதே உள்ள ஒருவர் அதே நடை நடப்பார். "இவனுங்களுக்கெல்லாம் யார்லா இவ்வளவு நேரம் குடுத்தது?" என்பார். இரண்டு கருத்தும் மனமாரச் சொன்னவை. பொய் சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

ஞாயிறு மட்டும்தான் ஓட்டுவார் என்பது முக்கியம். ஞாயிற்றுக்கிழமை இஆர்பி என்ற மின்னியல் சாலைக் கட்டணம் கிடையாது. பெரும்பாலான வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார் நிறுத்துமிடங்களில் அன்று காலை 7 மணியிலிருந்து இரவு 10.30 வரை கட்டணமும் கிடையாது. ஆகவே சாலைக் கட்டணத்தை அமைச்சர் உறுதியாக ஆதரிக்கிறார். 1998 ஏப்ரலில் இஆர்பி முதன்முதலில் வந்தது நம் ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலையில்தான் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. இன்னும் ஏற்ற வேண்டும் என்பது அவர் பரிந்துரை. "காசு ஏறினாத்தான் ரோடு காலியாகும். காலியானாத்தான் பஸ் ஓடும்." வார நாளில் அவர் பஸ்ஸில் போகிறவர்.

தேக்காவுக்குப் போகும் ஞாயிற்றுப் பயணம் தனிக்கதை. விரைவுச்சாலையில் வலது தடத்தைப் பிடித்தாரென்றால் அறுபத்தைந்து கிலோமீட்டரில் நிலைகொள்வார். பின்னால் வருகிறவன் விளக்கை மினுக்குவான். "தொண்ணூறுக்கு மேல போகக்கூடாதுன்னுதான் போர்டு சொல்லுது. கீழ போகக்கூடாதுன்னு சொல்லல." முந்துவதற்கு மட்டுமே வலது தடம் என்ற விதி அவருக்குத் தெரியும். அதைப் பிறருக்குப் பலமுறை விளக்கியும் இருக்கிறார், பின்னிருக்கையிலிருந்து. 65 வயதுக்குப் பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்று கொடுத்தால்தான் உரிமம் நீடிக்கும். அந்தச் சான்றைக் கல்யாணப் பத்திரிகை போல எல்லோருக்கும் காட்டினார். கண், காது, ரத்த அழுத்தம் மூன்றும் தேறிவிட்டன. வாயைச் சோதிக்க அதில் இடமில்லை.

இவருக்குச் சொந்தக் கார் ஏன் இல்லை என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சிஓஇக்குப் போய்விடுவார், மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவீர்கள். ஆனாலும் அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதி முடியாது. வாகன உரிமைச் சான்றிதழ் 1990இல் வந்தது. கார் வாங்குவதற்கு முன்னால், கார் வைத்திருக்கும் உரிமையைப் பத்தாண்டுக்கு ஏலத்தில் எடுக்க வேண்டும். மாதம் இருமுறை ஏலம், புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு முடியும். அந்தப் புதன்கிழமைகளில் அமைச்சர் மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்வார். முடிவு வந்ததும் தலையை ஆட்டுவார். ஏறியிருந்தாலும் அதே ஆட்டம், இறங்கியிருந்தாலும் அதே ஆட்டம்.

2008 நவம்பரில், உலகமே பணநெருக்கடியில் இருந்தபோது, சிறிய கார்ப் பிரிவின் சிஓஇ 2 வெள்ளிக்கு வந்தது. எழுத்துப்பிழை அல்ல, இரண்டே வெள்ளி. அன்றைக்கு அமைச்சர் கையில் பணம் இருந்தது, வேலை இருந்தது, காரைப் பார்த்தும் வைத்திருந்தார். வாங்கவில்லை.

"ஏன் அங்கிள்?"

"ஒரு வெள்ளிக்கு வரும்னு நெனச்சேன் லா."

அதன்பிறகு நடந்தது நாட்டுக்கே தெரியும். 2023 அக்டோபரில் சிறிய காருக்கு 106,000 வெள்ளி, பெரிய காருக்கு 150,001 வெள்ளி. அந்தக் கடைசி ஒரு வெள்ளிதான் அமைச்சரின் விரிவுரைக்குக் கரு. பக்கத்து மேசை இளைஞன் யாராவது "அதென்ன ஒண்ணு?" என்று கேட்டுவிட்டால் போதும். தோற்றவர்களில் யார் அதிகம் கேட்டாரோ அந்தத் தொகைக்கு மேல் ஒரு வெள்ளி, அதுவே ஜெயித்த எல்லோருக்கும் விலை. இரண்டு லட்சம் கேட்டவனும் அதையே கட்டுவான். "அப்படின்னா ஒன்றரை லட்சம் கேட்டும் ஒருத்தனுக்குக் கிடைக்கல. அவனை நெனச்சுப் பாரு. ஒரு வெள்ளியில தோத்துட்டான்." இந்த இடத்தில் குரல் தழுதழுக்கும். ஒரு வெள்ளிக்குக் காத்திருந்த இன்னொருவரின் நினைவு வருவதாலோ என்னவோ.

ஏலத்திலிருந்து தேர்தலுக்குத் தாவ அவருக்கு ஒரு மடக்குக் காப்பி போதும். வீடு மாறாமலே தொகுதி மாறியவர் அவர். பிடோக் பெயரிலேயே 1988இல் ஒரு குழுத்தொகுதி உருவானது. 1997இல் அந்தப் பெயர் போய் ஈஸ்ட் கோஸ்ட் வந்தது. அவர் இருக்கும் ஃபெங்ஷான் பகுதி 2015இல் தனித்தொகுதியாகப் பிரிந்தது, 2020இல் மறுபடியும் ஈஸ்ட் கோஸ்ட்டுக்குள் போனது. "நான் அதே சோபாவுலதான் இருக்கேன். கோடுதான் வந்துட்டு வந்துட்டுப் போவுது." காலையில் பிடோக் நீர்த்தேக்கத்துக்கு நடக்கப் போகும்போது, 2011 முதல் பாட்டாளிக் கட்சி வைத்திருக்கும் அல்ஜுனிட் குழுத்தொகுதிக்குள் கால் வைக்கிறார். ஒரு சுற்று சுற்றிவிட்டு மக்கள் செயல் கட்சியின் தொகுதியில் காப்பி குடிக்க வந்துவிடுகிறார். எதிர்க்கட்சிப் பக்கம் காற்று நன்றாக இருக்கிறது, ஆளுங்கட்சிப் பக்கம் பரோட்டா நன்றாக இருக்கிறது என்பது அவருடைய நடுநிலை.

குழுத்தொகுதி முறையை இவர் விளக்கும் விதம் எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் கிடைக்காது. "தனித்தொகுதின்னா டாக்சி. டிரைவர் பிடிக்கலன்னா ஏற மாட்டே. குழுத்தொகுதி வேன். முன்னால ஒரு பெரிய ஆளு ஓட்டுவாரு. அவரை நம்பி ஏறினா உள்ளே இருக்கிற நாலு பேரும் உன்னோட வருவாங்க." 1988இல் வேனில் மூன்று இருக்கை. பிறகு ஆறுவரை போய் இப்போது நான்கு, ஐந்தில் நிற்கிறது. சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால்தான் நம் ஆட்களுக்கு நிச்சயமாக இடம் கிடைக்கிறது என்று ஒரு நாள் புகழ்வார். இடம் கொடுத்துத்தான் ஜெயிக்க வேண்டுமா, தனியாக நின்றால் ஜெயிக்க மாட்டோமா என்று மறுநாள் பொங்குவார். 2023 அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்னம் அன்னாசிச் சின்னத்தோடு 70.4 விழுக்காடு வாங்கியது இரண்டாம் நாள் கட்சிக்குச் சாதகமாகப் போயிற்று. ஒரு வாரம் அந்த மேசையில் எல்லோருக்கும் அன்னாசித் துண்டு வாங்கிக் கொடுத்தார். அதுவரை யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்தவர் அல்லர்.

2020இல் அன்றைய துணைப் பிரதமர் ஹெங் சுவீ கியட் வேட்புமனு நாளன்று திடீரென்று ஈஸ்ட் கோஸ்ட்டில் வந்து இறங்கி, ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு ஒரு திட்டம் இருக்கிறது என்று தடுமாறிச் சொன்னதை ஊரே கிண்டலடித்தது. அமைச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தம்மிடமும் ஒரு திட்டம் இருக்கிறது என்றார். அது காலை ஏழு மணிக்குப் பிடோக் சந்திப்பு நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் முதியவர்களையும் வெவ்வேறு நேரத்தில் பஸ் ஏற்றும் திட்டம். முதியவர்களுக்கு எந்த நேரம் என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை. அவர் எழுவதைப் பொறுத்தது.

எதிரே உட்காருகிறவர் ஒருவர் உண்டு. அவர் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்கு வந்தவர். இவர் பிறந்ததே சிங்கப்பூரில், ஆனால் வாதம் சூடேறினால் "ஓமோம்" வந்துவிடும். 2025 மே 3ஆம் தேதித் தேர்தலில் மக்கள் செயல் கட்சி 65.57 விழுக்காடு வாக்குக்கு 97இல் 87 இடம் பெற்றது. அமைச்சர் டிஷ்யூத் தாளில் கணக்குப் போட்டு, வாக்குக்குத் தக்க இடம் என்றால் அறுபத்து நாலுதான் என்று நிறுவினார். யாழ்ப்பாணத்தார் காப்பியைக் கீழே வைத்தார்.

"இலங்கையில எங்கட ஆக்களுக்கு விருப்பு வாக்கு இருக்கு. ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு போடலாம். 2024 ஜனாதிபதித் தேர்தலில முதல் தடவையா ரெண்டாவது விருப்பையும் எண்ண வேண்டி வந்தது, தெரியுமோ?"

"எண்ணி?"

"முதல்ல முன்னுக்கு நிண்டவர்தான் வெண்டவர்."

"அப்ப அவ்வளவு பாடு எதுக்கு?"

"ரெண்டாவதாப் போட்ட சனத்துக்கும் ஒரு திருப்தி எல்லோ."

அமைச்சர் யோசித்தார். பிறகு சிஓஇயிலும் அந்த முறை வர வேண்டும் என்றார். முதல் விருப்பம் கார், கிடைக்காவிட்டால் இரண்டாவது விருப்பம் மோட்டார் சைக்கிள், மூன்றாவது மாதாந்தரப் பஸ் அட்டை. தாம் கார் பிரிவில் ஒரு வெள்ளிக்குக் குறி வைத்து, பஸ் அட்டையோடு வென்றிருக்கலாமே என்பது அவர் கணக்கு.

இத்தனை பேசுகிறவர் வாக்களிப்பு நாளில் பேசுவதில்லை. 1959 முதல் இங்கே வாக்களிப்பது கட்டாயம். போடாவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும், தக்க காரணம் இல்லாவிட்டால் 50 வெள்ளி கட்டித்தான் திரும்பச் சேர முடியும். அபராதத்துக்குப் பயந்து போகிறவர் அல்லர் அமைச்சர். கதவு திறக்கும் எட்டு மணிக்கு முன்பே வரிசையில் நிற்பார், இஸ்திரி போட்ட முழுக்கை சட்டையில். வாக்குச்சீட்டில் வரிசை எண் எதற்கு என்று யாராவது கிசுகிசுத்தால் அவரே அதட்டுவார். கள்ளச்சீட்டு நுழையாமல் இருக்கத்தான் அந்த எண், எண்ணி முடித்த சீட்டுகளை ஆறு மாதம் உச்ச நீதிமன்றத்தில் பூட்டி வைத்துப் பிறகு எரித்துவிடுவார்கள் என்று பொறுமையாகச் சொல்வார். அந்த நேரத்தில் அவர் சொல்வது எல்லாமே சரியாக இருக்கும். கேட்கத்தான் ஆளிருக்காது. யாருக்குப் போட்டார் என்பது மட்டும் இன்றுவரை அந்த மேசைக்குத் தெரியாது. மனைவிக்கும் தெரியாது. மனைவி யாருக்குப் போட்டார் என்பது இவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிறார். "வாக்கு ரகசியம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்று அந்த அம்மாள் மீனைத் திருப்பிப் போடுகிறார்.

அந்த அம்மாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமைச்சரின் ஒரே தோல்வி அவர் கையால் நடந்தது.

எழுபதுகளில் கட்டிய புளோக் அது. பழைய வீடுகளின் கழிவறை, குழாய், காரை உதிரும் கூரை இவற்றைச் சீராக்கும் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை வீவக வைத்திருக்கிறது. அதற்கும் வாக்கெடுப்பு உண்டு. புளோக்கில் உள்ள சிங்கப்பூர்க் குடும்பங்களில் 75 விழுக்காடாவது சம்மதித்தால்தான் வேலை நடக்கும். கழிவறையைப் புதுப்பிப்பது அவரவர் விருப்பம், அதற்கு வீட்டின் அளவைப் பொறுத்து ஒரு சிறு பங்கைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அமைச்சர் இந்த வாக்கெடுப்புக்குத் தம் வாழ்நாள் அறிவையெல்லாம் திரட்டினார். பாதி போதும் என்று நாட்டையே ஆள்கிறார்கள், கழிவறைக்கு மட்டும் எதற்கு முக்கால் என்று ஒரு வாரம். முக்கால் போதாது, இருக்கிற கழிவறை நன்றாகத்தானே இருக்கிறது என்று அடுத்த வாரம். மாடி மாடியாகப் போய்ப் பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடமும் மேல்மாடிச் சீனப் பாட்டியிடமும் மூன்று மொழியில் விளக்கினார். யாழ்ப்பாணத்தாரின் விருப்பு வாக்கை ஓடு தேர்வுக்குப் பயன்படுத்தலாம் என்றுகூடச் சொன்னார். வாக்கெடுப்பு நாளில் கீழே போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அது வீட்டுக்கு ஒரு வாக்கு. அந்த வீட்டின் வாக்கு காலையிலேயே போடப்பட்டுவிட்டது.

"யாரு போட்டது?"

"உங்க வீட்டம்மா, அங்கிள்."

"என்ன போட்டாங்க?"

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து ஆட்கள் வந்து வீட்டுக் கழிவறையை உடைத்தபோது, என்ன போட்டார் என்பது தெரிந்தது. பத்து நாள் போல வேலை. அதுவரை கீழ்த்தளத்தில் வைத்திருந்த தற்காலிகக் கழிவறைதான் கதி. காலை ஏழு மணிக்கு, தோளில் துண்டும் கையில் பல்துலக்கியுமாக அமைச்சர் அங்கே வரிசையில் நின்றார். முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர். கலைந்து போக முடியாத ஒரு கூட்டம் தமக்கு முதன்முறையாகக் கிடைத்திருப்பதைக் கவனித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, 75 விழுக்காட்டை 80 ஆக்க வேண்டிய அவசியத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

உள்ளே இருந்தவர், முடித்த பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை.