அழிப்பதிலும் விசுவாசம்

1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு (RAID) என்ற டிஸ்க் அடுக்கு பற்றிக் கட்டுரை எழுதினார்கள். மலிவான டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டினால் விலையுயர்ந்த ஒன்றுக்கு ஈடாகும் என்பது அவர்கள் கட்சி. இனி பேக்கப் வேண்டாம் என்பதை நம் ஆட்களே சேர்த்துக்கொண்டார்கள்.

ரெய்டு 0-இல் வேகம் உண்டு. ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. ரெய்டு 5 ஒரு சாவைத் தாங்கும். ஆனால் புது டிஸ்க் போட்டுச் சரிசெய்து முடிப்பதற்குள், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய அதன் உடன்பிறப்பும் மண்டையைப் போடலாம். அதற்காகத்தான் ரெய்டு 6.

எழுதுவதை இரண்டு டிஸ்க்கிலும் அப்படியே வைக்கும் ரெய்டு 1-இன் விசுவாசமோ அலாதி. கல்யாண ஆல்பத்தைத் தவறுதலாக அழித்தால், அடுத்த டிஸ்க்கிலும் அதே நொடியில் அழித்துக் கொடுக்கும். வைரஸ் வந்தாலும் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கும்.

பேக்கப் இருக்கிறது என்று நம்பினால் மட்டும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தப்பான சர்வரில் தரவை அழித்தார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாட்டில் ஒன்றும் உருப்படியாக இல்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த நகல்தான் மானத்தைக் காத்தது.

ஆகவே ரெய்டு எண்ணுக்கு நாள் பார்க்குமுன் ஒரு நகலெடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்து, வேறு வீட்டில் வையுங்கள். மாமியார் வீடானாலும் பரவாயில்லை.