அம்பத்தூர்க் கோடைச் செலவியல்: ஒரு முன்னாய்வு

சென்னையின் மேற்குப் புறநகரில் வாழும் ஒரு பெருங்குடும்பம், மலையும் மேய்ச்சல் நிலமும் காணும் பொருட்டுக் கோடை விடுமுறையில் மேற்கொள்ளும் பிரயாணத்தைப் பற்றியன்று, அப்பிரயாணத்தை மேற்கொள்வதென்று அது செய்யும் தீர்மானத்தைப் பற்றி இதுகாறும் எவரும் சாஸ்திர முறையில் ஆராயாதிருப்பது தமிழ்ப் புலமையுலகின் பெருங்குறை. ஓர் ஒற்று மிகுமா மிகாதா என்பதற்கு ஆயுளையே அர்ப்பணிக்கும் அறிஞர் பெருமக்கள், மே மாதம் பிறந்ததும் உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ கருத்தரங்கு கூட்டிப் பயணப்படியும் பெற்று மலையேறிவிடுவதால், சொந்தக் காசில் போகிறவன் படும் பாடு அவர்களுடைய திருஷ்டிக்கு எட்டாமற் போயிற்று என்று ஊகிக்க இடமுண்டு.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூவூரும் ஏரி சூழ்ந்தவையாதலின் மருதமெனக் கொள்வாரும் உளர். அவர்கள் மே மாதத்து நண்பகலில் தொழிற்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றறியாதவர். வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியன என்று தொல்காப்பியம் வகுத்திருக்க, மலையும் காடும் வெயிலால் இயல்பு கெட்டே பாலை பிறக்கிறது என்று சிலப்பதிகாரமும் துணை நிற்க, அம்பத்தூர் முற்காலத்தில் ஒரு மலையாக இருந்திருத்தல் வேண்டும் என்பது தர்க்க ரீதியாகப் பெறப்படுகிறது. இதனினும் மெலிந்த ஆதாரத்தின்மேல் முனைவர் பட்டங்கள் வழங்கப்பட்டுள்ளன.

பிரயாணிகள் பலவகையர். எங்கும் போகவேண்டாம் என்போர் ஒரு வகை. முதலில் பெட்டி கட்டுபவரும் அவரே. ஏனைய வகைகளை விரிப்பிற் பெருகும்.

மலைகளைப் புவியியலார் உயரத்தால் வகுப்பர். குடும்பத்தார் கொண்டை ஊசி வளைவால் வகுப்பர். ஏலகிரிக்கு 14, ஏற்காட்டுக்கு 20, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. வளைவு ஐந்துக்கு எலுமிச்சம்பழம் ஒன்று என்பது மூத்த அத்தையின் சூத்திரம் (வாய்மொழி மரபு, துவைக்கும் கல்லருகே). ஏலகிரி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருப்பது ஆய்வாளருக்குப் பேருதவி. சின்னவன் வாந்தியெடுத்தது புலவர் ஒருவரின் வளைவிலா, வள்ளல் ஒருவரின் வளைவிலா என்பதில் பாடபேதம் நிலவினும், எடுத்தான் என்பதில் ஐயமில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இலும், உதகைவரை 1908இலும் ஓடத் தொடங்கி, 2005இல் உலக மரபுச் சின்னமாகிய மலை ரயிலுக்கோ 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள். சூத்திரப்படி எலுமிச்சை நாற்பத்திரண்டு வேண்டும். பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஊர்கின்ற வண்டியில் வயிறு புரளாது, ஆகவே அச்சூத்திரம் சாலைக்கே உரியது என்று பூந்தமல்லிச் சித்தப்பா மறுப்பார் (குடும்ப வாட்சப் குழு, குரல் பதிவு, மூன்றாம் நிமிடத்துக்குமேல் குக்கர் விசிலால் மூலபாடம் சிதைந்துள்ளது).

இனி முல்லை. ஆவடி மைத்துனர், மலைக்குப் போகுமுன் திருப்பூரில் இறங்கிக் காங்கேயத்தின் கொறங்காட்டைக் காணவேண்டும் என்ற கொள்கையுடையவர். முள்கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல் வளர்த்து, வெள்வேல் மர நிழலில் மாட்டை அடைப்புக்கு அடைப்பு மாற்றி மேயவிடும் அந்த வானம் பார்த்த மேய்ச்சல் நிலத்தையும், செந்நிறமாய்ப் பிறந்து ஆறு மாத அளவில் சாம்பல் நிறங்கொள்ளும் காங்கேயங் கன்றையும் அவர் வருணிக்கும்போது அவருடைய கண் கலங்கும் (பழைய நாட்காட்டியின் பின்புறம், ஏப்ரல் தாள், பென்சில் எழுத்து, இடையிடையே விரவியுள்ள பால் கணக்கு பிற்காலத்து இடைச்செருகல்). இதற்கு அத்தையின் மறுப்புரை சுருக்கமானது: “மாட்டைப் பாக்க காங்கேயம் போவணுமாக்கும்? எஸ்டேட் ரோட்டுல போய் நில்லு. நடு ரோட்டுலயே படுத்திருக்கு, பொறுமையா பாத்துட்டு வா.” உதகையின் புல்வெளியிலேயே தோடர் குடியிருப்பான மந்தும் அவர்தம் எருமையும் உண்டு, எனவே ஒரே டிக்கெட்டில் குறிஞ்சியும் முல்லையும் கிட்டும் என்று சித்தப்பா சமரசம் செய்வதைத் திணைமயக்கம் எனக் கொள்க. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். ரயில்வேயார் காத்திருப்போர் பட்டியல் என ஒன்று வகுத்திருப்பது, அவர்களும் தொல்காப்பியம் கற்றவர் என்பதற்குச் சான்று.

கால நிர்ணயம் புலவர்களுக்கு இனிய துறையாதலின் அதையும் தொடுவோம். முன்பதிவு ஒரு காலத்தில் 120 நாளுக்கு முன்பே திறந்தது. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து 60 நாளாகக் குறுகிற்று. ஆகவே பொங்கல் கழியுமுன் மே மாதப் பிரயாணத்துக்கு அடித்துக்கொள்ளும் குடும்பச் சுவடி எதுவாயினும் அது அத்தேதிக்கு முற்பட்டதென்றும், பங்குனி வரை வாய் திறவாதது பிற்பட்டதென்றும் துணியலாம். நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டுமென்று பேசுவது, கொரோனாக் காலத்ததாய் இராவிட்டால், 2024 ஏப்ரல் இறுதிக்கு முந்தாது.

இவை யாவும் சில்லறை. இத்துறையின் உயிர்நிலையான பிரச்சினை வேறு. நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டு அம்பத்தூர் வழியாகவே ஓடுகிறது, அம்பத்தூரில் நிற்பதில்லை. ஆகவே மேற்கே போகவேண்டிய குடும்பம், ஏழு பெட்டி, இரண்டு கூடை, ஒரு தண்ணீர்க் குடுவை சகிதம் மின்சார ரயிலேறி, பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர், வியாசர்பாடி, பேசின் பாலம் என்று கிழக்கே சென்று, சென்ட்ரலில் இரண்டு மணி நேரம் தவமிருந்து, வந்த வழியே திரும்பி, தன் வீட்டைத் தானே கடந்து போகவேண்டியிருக்கிறது. இராமகாதையில்கூட வனவாசம் போனவன் பாதியில் அயோத்தியைச் சுற்றிவிட்டுப் போகவில்லை.

இதற்குப் பூர்வபட்சமாவது: அரக்கோணம் சென்று ஏறுக என்பது. இது மைத்துனரின் கட்சி. வண்டி அங்கு நிற்கும் சொற்பப் பொழுதில் ஏழு பெட்டியும் பாட்டியும் ஏறுதல் அசம்பாவிதம் என்பது அதற்கு ஆட்சேபம்; பாட்டியை முதலில் ஏற்றினால் பெட்டி நிற்கும், பெட்டியை முதலில் ஏற்றினால் பாட்டி நிற்பாள் என இரண்டு உரைகள் உள. சித்தாந்தமாவது: சென்ட்ரலே என்பது. காரணம் வசதியன்று. வண்டி பட்டரவாக்கத்துக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவே விரையும் அந்தச் சில கணங்களில் குடும்பம் முழுதும் ஒரே ஜன்னலில் தலைகளைத் திணித்து வீட்டைப் பார்த்தாக வேண்டும். வீடு தெரியாது. தண்டவாளத்துக்கும் வீட்டுக்கும் இடையே நான்கு தெருவும் ஒரு கல்யாண மண்டபமும் இருக்கின்றன. ஆயினும் பார்க்கிறார்கள், பார்க்கும்போது எவரேனும் ஒருவர், “மோட்டாரை நிறுத்தினோமா?” என்று கேட்கிறார்.

இவ்வினாவின் தோற்றம் பற்றி மூன்று பள்ளிகள். மாடித் தொட்டி நிரம்பி வழியும் ஓசை மானசீகமாகக் கேட்பதால் வினா பிறக்கிறது என்பது அத்தையின் பள்ளி. சுவிட்சை அணைத்தவரே தாம் அணைத்ததை மறப்பதால் பிறக்கிறது என்பது சித்தப்பாவின் பள்ளி (மேற்படி குரல் பதிவின் இரண்டாம் பகுதி; இது தமக்கு வந்து சேரவேயில்லை என்று ஆவடிக் கிளையார் சாதிக்கின்றனர்; இரு நீல டிக் அவர்களுக்கு எதிரான சாசனம்). அணைக்கவேயில்லை என்பது மைத்துனரின் பள்ளி. மூன்றனுள் இதுவே ஆதாரம் வலியது, ஏனெனில் போட்டவர் அவர்.

அவ்வாறாயின் பரிகாரம் யாது? சாவி பக்கத்து வீட்டு அம்மாளிடம் இருக்கிறது, ஒரு போன் செய்தால் போய் அணைத்துவிடுவார் என்று எல்லாப் பள்ளிகளும் ஒருமுகமாக முடிவு செய்கின்றன. அவ்வம்மாள் அப்போது எதிர்ப் படுக்கையில், முந்தானையில் அந்தச் சாவியை முடிந்துகொண்டு, “எல்லாரும் போறீங்களே, நானும் வரேன்” என்று கடைசி நிமிஷத்தில் சேர்ந்தவராக, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.