லெக் எங்கே இருக்கிறது?

லெக் என்றால் கால் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கிரிக்கெட் மைதானத்துக்குள் அந்தப் பாடம் செல்லாது. அங்கே காலைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் லெக் என்றுதான் பெயர்.

1999 டிசம்பர், அடிலெய்டு டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் மெக்ராத் போட்டது பவுன்சர் என்று நினைத்து டெண்டுல்கர் குனிந்தார். பந்து எழும்பாமல் நேரே வந்து அவர் தோளில் மோதியது. அம்பயர் டேரில் ஹார்ப்பர் விரலைத் தூக்கிவிட்டார். இந்தியக் கேப்டன் முட்டையோடு பெவிலியன் திரும்பினார். டிவி முன்னால் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கடா பட்டுச்சு?"

"தோள்ல அத்தை."

"அப்புறம் எதுக்கு அவுட்டு?"

"லெக் பிஃபோர் விக்கெட்."

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். "தோள் எது, கால் எதுன்னு தெரியாதவனையா அம்பயரா நிறுத்தியிருக்கானுங்க?"

ஹார்ப்பர் செய்தது சரியா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். ஆனால் தோளில் பட்டது என்பதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. வேண்டுமென்றே காலை நீட்டி ஸ்டம்பை மறைத்த கில்லாடிகளை மடக்கத்தான் 1774இல் இந்த விதியை எழுதினார்கள். இப்போது மட்டையைப் பிடித்த கையைத் தவிர உடம்பில் எங்கே பட்டாலும் கணக்கு உண்டு. பெயரை மாற்றத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

இதைவிடக் கொடுமை லெக் பை. பவுன்சர் ஹெல்மெட்டில் 'டங்' என்று மோதிப் பவுண்டரிக்கு ஓடுகிறது. மட்டையாளர் கிறுகிறுத்து நிற்கிறார், பிசியோ பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார். அம்பயரோ முழங்காலை உயர்த்தி, தட்டிக் காட்டுகிறார். நான்கு லெக் பை!

உடம்பில் அடிபடுவதில் அடிலெய்டுக்குப் பழைய ராசியும் உண்டு. 1933 ஜனவரியில் அதே மைதானத்தில் இங்கிலாந்தின் லார்வுட் போட்ட பந்து ஆஸ்திரேலியக் கேப்டன் உட்ஃபுல்லை நெஞ்சில் தாக்கியது. அவர் அணியின் ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டையோட்டிலேயே விரிசல் விழுந்தது. விலாவையும் தலையையும் குறிவைத்த அந்தத் தொடரின் பந்துவீச்சு உத்திக்கு இங்கிலாந்துக்காரர்கள் சூட்டிய திருநாமம் 'லெக் தியரி'. அடிவாங்கியவர்கள் நாட்டில்தான் அதற்குப் 'பாடிலைன்' என்று பெயர் வந்தது.

ஃபீல்டர்கள் நிற்கும் இடங்களின் பெயர்களிலும் இதே கதைதான். ஷார்ட் லெக்கில் நிற்பவர் குட்டைக்காலர் அல்லர், லாங் லெக்கில் நிற்பவர் நெட்டைக்காலரும் அல்லர். மட்டைக்குப் பக்கத்திலேயே நின்று அடிவாங்க வேண்டிய ஷார்ட் லெக்கில், அணிக்குப் புதிதாக வந்த பையனைத்தான் பெரும்பாலும் தள்ளுவார்கள். சீனியர்கள் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். இந்தியாவின் ஏக்நாத் சோல்கர் மட்டும் ஹெல்மெட் இல்லாமல் ஆசையாக அங்கே போய்க் குந்தியிருந்தார். 27 டெஸ்டுகளில் 53 கேட்ச்! பிடித்ததெல்லாம் கையால்.

லெக் ஸ்பின்னும் மணிக்கட்டு, விரல்களின் வேலைதான். 1984 பம்பாய் டெஸ்டில் நம் மெட்ராஸ் பையன் சிவராமகிருஷ்ணன் 12 விக்கெட் எடுத்து இங்கிலாந்தைச் சுருட்டியது அந்த மணிக்கட்டால்தான்.

சரி, உண்மையான காலில் பட்டால்? லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்து காலிலேயே படட்டும், அது நேரே ஸ்டம்புக்குத்தான் போயிருக்கும் என்று ஊரே சாட்சி சொல்லட்டும், எல்.பி.டபிள்யூ. கிடையாது. தோளில் பட்டால் வீட்டுக்குப் போகலாம், காலில் பட்டால் தொடர்ந்து ஆடலாம்.

எங்கள் தெருமுனை பிரியாணிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் "மாஸ்டர், லெக் பீஸ் போடுங்க" என்கிறேன். அவரும் "போட்டாச்சு சார்" என்கிறார். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் கழுத்து, விலா, சில நாள் ஒரு றெக்கை. மனிதர் கிரிக்கெட் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவராக இருக்க வேண்டும்.