அரிட்டாபட்டி: ஊர் காத்த மலை

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது மதுரைக்குப் போன இடத்தில் யாராவது ஊரைக் கேட்டால், 'மேலூர் பக்கம்' என்போம். அரிட்டாபட்டி என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. இப்போது பெயரைச் சொன்னதும், 'டங்ஸ்டன் ஊரா?' என்று எதிர்க்கேள்வி வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஊருக்கும் மலைக்கும் நேர்ந்தவற்றை, அந்த மண்ணில் ஓடியாடி வளர்ந்தவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

அப்போது மலை எங்களுக்குப் பார்க்கப்போகிற இடமல்ல, புழங்குகிற இடம். ஆடுமாடு பத்திக்கொண்டு போவார்கள். விடுமுறை விட்டால் பிள்ளைகளும் பின்னாலேயே ஏறிவிடுவோம். கழிஞ்சமலை, தேன்கூட்டு மலை, கழுகு மலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. எல்லாம் மொட்டைப் பாறைகள். வெயில் ஏறினால் கால் வைக்க முடியாது. ஆனால் பாறை இடுக்கில் சுனை இருக்கும். பாசி படிந்த விளிம்பைக் கையால் விலக்கினால், அடியில் கிடக்கும் கூழாங்கல் வரைக்கும் தெரியும். மேலே நீர்ப்பூச்சிகள் கோடு கிழித்தபடி ஓடும். 'சுனையில காலை விடாதீங்கடா, குடிக்கிற தண்ணி' என்று அப்பத்தா வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லி அனுப்புவாள். அந்தச் சொல்லை மீறிய பிள்ளையை நான் பார்த்ததில்லை. காவல்காரர் கிடையாது, எச்சரிக்கைப் பலகையும் கிடையாது.

கழிஞ்சமலைக் குகையில் வழவழவென்று செதுக்கிய கல் படுக்கைகள் உண்டு. பஞ்சபாண்டவர் வனவாசத்தில் வந்து படுத்த இடம் என்று பெரியவர்கள் சொல்ல, நாங்களும் அதில் படுத்துப் பார்ப்போம். குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமலிருக்க வெட்டிய காடியை ஒட்டி ஏதோ கோடும் வளைவுமாக இருக்கும். அது தமிழி எழுத்து என்பதும், கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் சமணத் துறவிகளுக்கு நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் அந்தக் குகையை அமைத்துக் கொடுத்த செய்தி என்பதும் படித்து வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்ற எழுத்து அது. பக்கத்துப் பாறையில் தீர்த்தங்கரர் சிற்பமும் அதன் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டும் இருக்கின்றன.

இன்னொரு பக்கம் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில். எட்டாம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். ஊரில் அதற்கு இடைச்சி மண்டபம் என்று பெயர். உள்ளே லிங்கம் தாய்ப்பாறையிலேயே வெட்டப்பட்டது. வாசலுக்கு ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் கையில் தண்டத்தோடு அமர்ந்த லகுலீசர். பாசுபத சைவத்தை வகுத்தவராகச் சொல்லப்படும் லகுலீசருக்குத் தமிழ்நாட்டில் சிற்பங்கள் அரிது. அந்த அரிய சிற்பத்துக்கு முன்னால்தான் ஆடு மேய்ப்பவர்கள் மதியம் தூக்குச்சட்டியைத் திறந்து கஞ்சி குடிப்பார்கள். அவர்களால் சிற்பத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை.

பறவைகளும் அப்படித்தான். கோழிக்குஞ்சைத் தூக்குகிற எதுவும் எங்களுக்குப் பருந்துதான். இன்று தொலைநோக்கியோடு வருகிறவர்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள்: லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிப் பருந்து. ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் இந்தப் பகுதியில் பதிவாகியிருக்கின்றன. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பும் உண்டு. வல்லூறுகள் இங்கே தங்குவதற்குக் காரணம் எளிது. கூடு வைக்க ஆள் ஏறமுடியாத செங்குத்துப் பாறை மேலே. இரை பிடிக்க வயலும் கண்மாயும் கீழே. இரண்டில் ஒன்று போனாலும் அவை போய்விடும்.

அந்தக் காலத்திலேயே சுற்றுவட்டாரத்தில் மலைகள் குறைய ஆரம்பித்தன. மேலூர்ப் பகுதியின் கிரானைட்டுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. குன்றுகள் சதுரம் சதுரமாக அறுபட்டு லாரியில் போயின. அவை நின்ற இடத்தில் ஆழம் தெரியாத பச்சைத் தண்ணீர்க் குழிகள் மிஞ்சின. வெடிச்சத்தம் கேட்டு வீட்டுச் சுவர் விரிந்த கதை இங்கே எல்லா ஊரிலும் உண்டு. கழிஞ்சமலையிலும் கல் வெட்ட வந்தபோது ஊர் குறுக்கே நின்றது. இன்றைக்கு மலை முழுதாக நிற்பதற்கு அந்த எதிர்ப்புதான் முதல் காரணம்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. மாநிலத்தில் இதுவே முதலாவது. ஊருக்குத் திருவிழாபோல் இருந்தது. இனி மலைக்குக் கவலையில்லை என்று நம்பினோம். அடுத்த இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் சுமார் 2,015 ஹெக்டேரை மத்திய அரசு சுரங்கத்துக்கு ஏலம் விட்டது. பாதுகாக்கப்பட்ட தலத்தின் பகுதியும் அதற்குள் இருந்தது.

பிறகு நடந்ததை ஊர் உலகம் பார்த்தது. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் ஆயிரக்கணக்கானோர் நடந்தே போனார்கள். சாதி பார்க்கவில்லை, கட்சி பார்க்கவில்லை. வயல்வேலையைப் போட்டுவிட்டு வந்த பெண்கள்தான் அதிகம் தெரிந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்ற அறிவிப்பு வந்தது.

வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள்: மொட்டைப் பாறைக்கு ஏன் இவ்வளவு போராட்டம்? மழை நாளில் வந்து பார்த்தால் புரியும். பாறை ஒரு சொட்டையும் குடிக்காது. அத்தனையும் வழிந்து சுனைக்கும் ஓடைக்கும் போகும், ஓடை ஊருணிக்கும் கண்மாய்க்கும் போகும். ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். இந்த மலைகளைச் சுற்றி 72 ஏரிகளும் 200 ஊற்றுகளும் இருப்பதாக அரசு அறிவிப்பே சொல்கிறது. மலையை எடுத்தால் போவது கல் மட்டுமல்ல, கீழே விளைகிற நெல்லும்தான். அப்பத்தா சுனையில் காலை விடாதே என்றதற்குள் இந்தக் கணக்கு முழுவதும் இருந்தது.

அன்றைக்கு இந்த மலையை யாரும் அறியவில்லை, ஊர் காத்தது. இன்றைக்கு நாடே அறிந்திருக்கிறது; இப்போதும் ஊர்தான் காத்தது. சட்டம் தேவை, அறிவிப்பு தேவை. ஆனால் மலையோடு புழங்கும் மக்கள் இல்லாவிட்டால் அவை காகிதம்தான்.

பார்க்க வாருங்கள். பிளாஸ்டிக்கைக் கொண்டுவராதீர்கள். குகைச் சுவரில் பெயர் எழுதாதீர்கள். கூடு இருக்கும் பாறைக்குக் கீழே சத்தம் போடாதீர்கள், ட்ரோன் விடாதீர்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டு, அவர் காட்டும் பாதையில் ஏறுங்கள். திரும்பிப் போனதும் உங்கள் ஊர்க் குன்றையும் கண்மாயையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அவற்றுக்கும் உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.