எம்.பி.க்கு எத்தனை மார்க்?

கேள்வி: அமெரிக்காவில் தனிமனிதச் சுதந்திரம், பொருளாதாரச் சுதந்திரம் என்று பிரித்து, எம்.பி.க்கள் போட்ட ஓட்டுகளுக்கு மார்க் போடுகிறார்களாமே! நம் எம்.பி.க்களுக்கும் போட்டால் என்ன?
– வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: தாராளமாகப் போடலாம், விடைத்தாள் கிடைத்தால்! நம் மலேசிய மக்களவையில் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். யார் கத்தினார், யார் கொட்டாவி விட்டார் என்று அவைக் குறிப்பான ஹன்சார்டைப் புரட்டினாலும் தெரியாது. 15 பேர் எழுந்து நின்றால்தான் தலை எண்ணுவார்கள்.

அப்படி எண்ணிய ஒரு நாள், 2022 மார்ச். விசாரணையின்றி 28 நாள் வரை காவலில் வைக்கும் சொஸ்மா சட்டப் பிரிவை நீட்டிக்கும் தீர்மானம். ஆதரவு 84, எதிர்ப்பு 86, ஆளையே காணோம் 50! தனிமனிதச் சுதந்திரத்தைக் காப்பாற்றிய பெருமையில் பாதி காலி நாற்காலிகளுக்கே. ஜூலையில் மறுபடி கொண்டுவந்து, 111-க்கு 88 என்று நிறைவேற்றிவிட்டார்கள்.

பொருளாதாரத்தில் இன்னும் சிக்கல். 2018-இல் ஜி.எஸ்.டி.யை ஒழித்தவர்களுக்கு முழு மார்க் போடலாம் என்று பேனாவை எடுத்தால், அதே ஆண்டு அவர்களே எஸ்.எஸ்.டி. என்ற விற்பனை, சேவை வரியைக் கொண்டுவந்தார்கள். போதாததற்குக் கொறடா உத்தரவு வேறு. கட்சி முழுக்க ஒரே விடை எழுதினால் தேர்வு மண்டபத்தில் அதற்கு வேறு பெயர்.

இருந்தாலும் மனம் தளராதீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் மாலை வாங்கிக்கொள்ள உங்கள் எம்.பி. வந்தால், “ஐயா, அந்த 50 பேரில் நீங்களும் உண்டா?” என்று கேளுங்கள். மாலையைப் போட்ட பிறகு கேளுங்கள். சட்டென்று ஓட முடியாது.